கோட்டைக் களஞ்சியமும் மேகக் களஞ்சியமும்

தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவன் ஒருவன் மேகத்தைப் பற்றி எழுதப் புகுந்தான் எனின், தூது இலக்கியத்தைப் பற்றியே எழுதுகின்றான் என்று நண்பர்கள் எண்ணுவது இயல்பு. பிரிவாற்றாத தலைவி முகிலை அழைத்துத் தன் குறை சொல்லும் இனிமையை நாம் வகுப்பிலே போதிய அளவு நுகர்ந்திருக்கின்றோம். யான் ஈண்டுப் பேசப் புகுவது வேறொரு மேகம். வணிகர்கள் ‘கிளவுட்’ என்று வாய் நிறையச் சொல்வதும், தமிழில் ‘மேகக் கணிமை’ என்று வழங்கி வருவதும் ஆகிய அது வானத்தில் இல்லை. ஒரு வணிகன் தன் கணக்கையும் கடிதங்களையும் தன் கடைக் கணினியில் வைத்துக்கொள்ளாது, தொலைவிலே மற்றொருவர் கட்டி வைத்திருக்கும் பெருங்கணினிக் கூடத்தில் வாடகைக்கு வைத்து, வேண்டும்போது இணையத்தின் வழியே எடுத்தாளும் முறைக்கே இப்பெயர். அமெரிக்க நாட்டு அமேசான் நிறுவனம் 2006-ஆம் ஆண்டில் இவ்வாணிகத்தைத் தொடங்கிற்று. மின்சாரம்போல அளந்து பயன்படுத்தி, அளவுக்கேற்பப் பணம் கட்டலாம். கைம்மாறு கருதாது பொழிவதென்று நம் புலவர்கள் மேகத்தைப் போற்றினர். இம்மேகமோ திங்கள் தவறாது வாடகைச் சீட்டு அனுப்புகின்றது. பெயரிட்டவர் தமிழ் படித்தவரல்லர் போலும்!

இதனை ஏற்பதா, வேண்டாவா என்னும் வினா காலங்கடந்தது. அஞ்சலகம் முதல் அரிசி மண்டி வரை அது நுழைந்துவிட்டது. இனிக் கேட்கத்தக்கது, எங்ஙனம் ஏற்பது, யாரைக் கேட்டு ஏற்பது என்பதே. இவ்விரண்டனையும் கேளாமலே பலர் மேகத்திற் புகுகின்றனர் என்பதும், அதனால் வரும் இழப்பைச் சுமப்போர் பெரும்பாலும் அம்முடிவைச் செய்தவர்கள் அல்லர் என்பதும் என் கருத்து. இதனை யான் நூல்களிற் கற்றதற்கு முன்னரே என் வீட்டிற் கண்டேன்.

எனது ஊர் செஞ்சி. வெளியூரார் அங்குக் கோட்டைக்காக வருவர். சுற்றுப்புறத்து உழவர் நெல்லுக்காக வருவர். தை, மாசித் திங்களில் வந்து காண்பவர், கோட்டை மதிலினும் நெல்மூட்டை மதிலே உயர்ந்ததோ என மயங்குதல் கூடும். அரசினரின் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தை ஊரார் ‘கமிட்டி’ என்பர். அஃதன்றித் தனியார் மண்டிகளும் பல உள. அவற்றுள் ஒன்றில் என் பெரியப்பா முப்பத்தோராண்டுகளாகக் கணக்கெழுதி வருகின்றார். அம்மண்டியின் பெயர் ஈண்டு வேண்டா.

மூன்றாண்டுகளுக்கு முன், முதலாளியின் மகனார் சென்னையில் வணிகவியல் பயின்று ஊர் திரும்பினார். திரும்பிய ஆறாம் மாதத்தில் மண்டியின் கணக்கு முழுவதும் மேகத்திற்கு ஏறிற்று. சிவப்புத்துணி அட்டையிட்ட பேரேடுகள் பரணுக்கு ஏறின. கணினியை இயக்க ஓர் இளம்பெண் அமர்த்தப்பட்டாள். இதனால் விளைந்த நன்மையை யான் குறைத்துக் கூறேன். முன்னெல்லாம் உழவனுக்குக் கிடைத்தது ஒரு துண்டுச்சீட்டு. வியர்வையில் நனைந்து வீடு சேருமுன் எழுத்தழிந்துவிடும் சீட்டு. இப்பொழுதோ அவன் பேருந்தில் ஏறி அமர்வதற்குள் எடை இவ்வளவு, விலை இவ்வளவு, பிடித்தம் இவ்வளவு என்று கைப்பேசியில் வந்துவிடுகின்றது. திருவண்ணாமலையில் இருந்துகொண்டே முதலாளி அன்றைய வரவு செலவைப் பார்க்கின்றார்.

பங்குனி முதல் நாள் வந்தது. நிலுவையுள்ளார் அனைவருக்கும் நினைவூட்டு அனுப்பும் ஏற்பாடு அம்மென்பொருளில் இருந்தது. அதனை இயக்கி வைத்திருந்தார்கள். இன்ன தொகை நிலுவை, இன்ன நாளுக்குள் செலுத்தாவிடில் வட்டி சேரும் என்று ஒரே நொடியில் அனைவருக்கும் செய்தி பறந்தது. அந்நிலுவைகளிற் பல, கொடுத்தவரும் வாங்கியவரும் நிலுவையென்றே எண்ணாதவை. ஒருவருக்கு மகள் மணத்திற்காகக் கொடுத்தது, அடுத்த போகத்து நெல்லிற் கழிப்பதாகப் பேச்சு. மற்றொருவரின் மூட்டைகள் மழையில் நனைந்திருந்தன. பிடித்தம் எவ்வளவு என்ற வழக்கே இன்னும் தீரவில்லை. ஒருவர் இறந்துபோனார், அச்செய்தி அவர் மனைவியார் கைக்குப் போயிற்று. இவையெல்லாம் பெரியப்பாவின் நெஞ்சில் இருந்தன, பேரேட்டில் இல்லை. ஆதலின் மேகத்திலும் இல்லை.

மறுநாட் காலை மேல்மலையனூர்ப் பக்கத்து முதியவர் ஒருவர் வந்தார். பலகையில் அமரச் சொன்னதற்கு அமரவில்லை. “என்னா கணக்குப்பிள்ளை, முப்பது வருஷப் பழக்கத்துக்கு இப்படி நோட்டீசு விடுவீங்களா?” என்று மட்டும் கேட்டுவிட்டு நின்றார். அடுத்த போகத்தில் அவரும் அவரைச் சேர்ந்தாரும் வேறு மண்டிக்குப் போய்விட்டனர். முதலாளி மகனைக் கடிந்தார். மகன் மென்பொருள் விற்றவரைக் கடிந்தார். விற்றவர், கொடுத்த கணக்கு அரைகுறை என்றார். முடிவிற் குற்றம் பெரியப்பாவின் தலையில் வந்து தங்கிற்று. அன்று மாலை அவர் என்னிடம் சொன்னது இதுவே: “என்னை ஒருத்தரும் கேட்கலையே, தம்பி.”

இதனால் பழையதே சாலச் சிறந்தது என்று யான் வாதிப்பதாகக் கருதற்க. அதற்கு முன் ஓராண்டு பெரியப்பா நச்சுக்காய்ச்சலிற் கிடந்தபோது, பதினைந்து நாள் அம்மண்டியிற் கொடுக்கல் வாங்கல் நின்றுபோயிற்று. எவருக்கு என்ன பேச்சு என்பது எவருக்கும் தெரியாது. ஒரு மனிதனின் தலைக்குள் மட்டுமே இருக்கும் கணக்கு, ஒரே பூட்டும் ஒரே திறவுகோலும் உள்ள களஞ்சியம். திறவுகோல் நோயுற்றால் ஊர் பட்டினி. அன்றியும், எழுதாத கணக்கில் ஏமாந்த உழவரும் நாட்டில் உளர். ஆதலால் எழுதத்தான் வேண்டும். யார் நெஞ்சிலிருந்து எழுதுவது என்பதனை முதலில் அறிந்துகொண்டு எழுத வேண்டும் என்பதே யான் கூறுவது.

பொருளியல் வரலாற்று ஆசிரியர் பால் டேவிட் என்பார் 1990-இல் எழுதிய கட்டுரை ஒன்று இங்கு நினைவுக்கு வருகின்றது. அமெரிக்கத் தொழிற்சாலைகளில் மின்சாரம் புகுந்த கதையை அவர் ஆராய்ந்தார். நீராவிக் காலத்தில் ஒரே பேரியந்திரம் நீண்டதோர் இரும்புத் தண்டைச் சுழற்றும். அத்தண்டிலிருந்து வார்ப்பட்டைகள் ஒவ்வொரு பொறியையும் இயக்கும். எங்கள் பக்கத்துப் பழைய அரிசி ஆலைகளில் இவ்வமைப்பைக் கண்டவர் உளர். மின்சாரம் வந்ததும் முதலாளிகள் நீராவி இயந்திரத்தை எடுத்துவிட்டு அவ்விடத்தில் மின்மோட்டார் ஒன்றை வைத்தனர். தண்டும் பட்டையும் அப்படியே இருந்தன. எதிர்பார்த்த விளைச்சல் வரவில்லை. ஒவ்வொரு பொறிக்கும் தனி மோட்டார் வைத்து, கட்டடத்தையும் வேலை முறையையும் மாற்றி அமைத்த பின்னரே, 1920-களில், பெரும்பயன் வந்தது. இடையிற் கழிந்தவை பல பத்தாண்டுகள். இற்றைநாள் நிறுவனங்கள் தம் பழைய கணக்கு முறையை எழுத்துப் பிசகாமல் மேகத்திற்குத் தூக்கிச்சென்றுவிட்டுச் செலவு மட்டும் ஏறியதே என்று வியப்பதும் இதன் மறுபிறப்பே. பழந்துருத்தியிற் புதுரசம் வார்த்த கதை என்று நம் கல்லூரியிற் சொன்னால் விளக்கம் வேண்டாதன்றோ?

மண்டி சிறியது, பெரியதொன்றைப் பார்ப்போம். செஞ்சி அஞ்சலகம் உட்பட நாட்டின் அஞ்சலகங்கள் யாவும் அண்மையில் மேகத்திற்குச் சென்றன என்பதை நம்மிற் பலர் கவனித்திலர். 2012-இல் ஒப்புதல் பெற்ற பழைய திட்டத்தின்படி, அஞ்சல் துறையின் கணினிப் பணிகளை வெளி நிறுவனங்கள் செய்து கொடுத்தன. புதிய மென்பொருளை மைசூரில் உள்ள துறையின் சொந்தத் தொழில்நுட்ப நடுவமே இயற்றிற்று. அது அரசினரின் ‘மேகராஜ்’ என்னும் மேகத்தின்மேல் இயங்குகின்றது. 2025-ஆம் ஆண்டு மே, ஜூன் திங்களிற் கர்நாடக வட்டத்தில் அதனைச் சோதித்தனர். பின்னர் வட்டம் வட்டமாகப் பரப்பி, ஆகஸ்டு 4-ஆம் நாள் நாடு முழுவதும் நிறைவேற்றினர். 1,70,000-க்கு மேற்பட்ட அலுவலகங்கள், பயிற்சி பெற்ற ஊழியர் 4,60,000-க்கு மேல் என்று துறையினர் அறிவித்தனர். மாறும் நாளன்று அலுவலகங்களிற் பொதுமக்கள் கொடுக்கல் வாங்கலை நிறுத்தி வைத்தனர். அங்ஙனமிருந்தும் தொடக்க நாட்களில் மென்பொருள் மந்தமாயிற்று, மக்கள் வரிசையில் நின்றனர் என்று நாளிதழ்கள் எழுதின.

இதிற் பாராட்டத்தக்கது எது? மென்பொருளைக் காட்டிலும் வரிசைமுறையையே யான் பாராட்டுவேன். ஒரு வட்டத்திற் சோதித்து, அங்குத் தடுக்கியவற்றைத் திருத்திக்கொண்டு அடுத்த வட்டத்திற்குச் சென்றனர். சாளரத்தில் அமரும் ஊழியருக்கு ஒருமுறையன்றி மும்முறை கற்பிப்பதென்று கொள்கை வகுத்தனர். அஞ்சலகத்தின் உள்ளிருந்து வந்தவர்களே மென்பொருளை எழுதியமையால், அஞ்சற்பை என்றால் என்ன, கிளை அஞ்சலகம் என்றால் என்ன என்று அவர்களுக்குப் புதிதாகச் சொல்லவேண்டியதில்லை. எங்கள் மண்டியில் நேர்ந்ததற்கு இது நேர்மாறு. எனினும் வரிசையில் நின்ற மூதாட்டிக்கு இவ்விளக்கம் ஆறுதலாகாது என்பதையும் மறத்தல் கூடாது. மாற்றத்தின் கூலியை நேரமாகக் கொடுத்தவள் அவளே.

ஊழியர் எதிர்ப்பதெல்லாம் அறியாமை என்று கூறுவாரும் உளர். இது வரலாறு அறியாதார் கூற்று. வங்கிகளிற் கணினி புகுந்த காலத்தில் ஊழியர் சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. 1983-இல் வங்கிகளின் சங்கத்திற்கும் ஊழியர் சங்கங்களுக்கும் உடன்படிக்கை ஏற்பட்டது. எந்த வேலைக்கு எவ்வளவு இயந்திரம் என்று அதில் வரையறுத்தனர். அடுத்த ஆண்டு சி. ரங்கராஜன் தலைமையிலான குழு வழிமுறையைத் திட்டமிட்டது. வேகம் குறைந்தது உண்மை. ஆனால் கணினி புகுந்த பின்னும் வங்கி வங்கியாகவே இருந்தது. எதிர்ப்பவன் பல வேளைகளில் மேலதிகாரிக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்தவன். அவன் வாயை அடைத்தால் அச்செய்தியும் அடைபடும்.

நிற்க. இதுகாறும் களஞ்சியக்காரனைப் பற்றிப் பேசினேன். திறவுகோலைப் பற்றிப் பேச வேண்டுமாயின் கோட்டைக்கு ஏறவேண்டும்.

2025-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் யுனெஸ்கோ நிறுவனத்தார் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டனை உலக மரபுச் சின்னங்களாக ஏற்றனர். பதினொன்று மகாராட்டிரத்தில் உள்ளன. பன்னிரண்டாவது எங்கள் செஞ்சி. அதன்பின் விடுமுறைக்குச் சென்றபோது இராசகிரியின் உச்சிவரை ஏறினேன். அடிவாரத்திற் பெரிய களஞ்சியங்கள்; இவ்வளவு இருக்க மேலே எதற்கு என்று எண்ணிக்கொண்டே ஏறினால் உச்சியிலும் ஒரு களஞ்சியம். உச்சிக்கு அருகிற் பாறை பிளந்து நிற்கின்றது. அதனைக் கடக்க ஒரு பாலம். அதனை நீக்கிவிட்டால் மேலிருப்போரை அணுகுதல் அரிது. மேலேயே வற்றாத சுனையும் உண்டு. எதிரே கிருஷ்ணகிரியில் வேறு களஞ்சியங்கள், எண்ணெயும் நெய்யும் சேமித்த குழிகள். 1690 முதல் 1698 வரை முகலாயப் படை முற்றுகையிட்டும் இக்கோட்டை நின்றதற்கு மதில் மட்டுமா காரணம்? ஒரே இடத்தில் எல்லாவற்றையும் வைக்காத அறிவும் காரணம் என்றே எனக்குத் தோன்றுகின்றது. வரலாற்றுத் துறை ஆசிரியர்கள் இதனை மறுத்தால் கேட்கச் சித்தமாயிருக்கிறேன்.

இவ்வறிவு இக்காலத்தார்க்கு எவ்வளவு அரிதாயிற்று என்பதற்கு உலகச் செய்தித்தாள்களே சான்று. 2024-ஆம் ஆண்டு மே மாதம், ஆஸ்திரேலிய நாட்டில் 5,00,000-க்கு மேற்பட்டார் ஓய்வூதியச் சேமிப்பைக் காத்துவரும் யூனிசூப்பர் என்னும் நிறுவனத்தின் தனி மேகம் கூகுள் மேகத்தில் ஏற்பட்ட ஓர் அமைப்புப் பிழையால் அழிந்துபோயிற்று. ஒரு வாரத்திற்கு உறுப்பினர் எவரும் தம் கணக்கைக் காணமுடியவில்லை. அவர்களைக் காத்தது யாது? வேறொரு நிறுவனத்திடம் தனியே வைத்திருந்த படியே காத்தது. அஃதே உச்சிக் களஞ்சியம். 2025 செப்டம்பர் 26-ஆம் நாள் தென்கொரியாவின் டேஜான் நகரத்து அரசாங்கக் கணினிக் கூடத்தில் மின்கல அடுக்கிலிருந்து தீப்பற்றியது. அரசுப் பணிகள் 709 ஒரே சமயத்தில் முடங்கின. அரசு ஊழியர்கள் தம் கோப்புகளை இட்டு வைத்திருந்த சேமிப்பகத்திற்கு வெளியில் வேறு படி இல்லை. 858 டெராபைட் அளவுள்ள கோப்புகள் அழிந்தன. தொழில்நுட்பத்தில் உலகிற்கு வழிகாட்டும் நாடு அது!

தீயும் பிழையும் தற்செயல் என்று கொள்வோம். தற்செயல் அல்லாத ஒன்றும் நம் நாட்டிலேயே நிகழ்ந்தது. குஜராத்து வாடினாரில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜி என்னும் நிறுவனத்தின்மீது, அதில் இரஷ்ய நிறுவனத்திற்குப் பங்கு இருப்பது காரணமாக, ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூலை மாதம் தடை விதித்தது. மைக்ரோசாப்ட் நிறுவனம் தன் சேவையை நிறுத்திற்று. இந்திய ஆலை, இந்தியச் சட்டத்தில் அதற்குத் தடையில்லை, பயன்பாட்டிற்குப் பணமும் கட்டியாயிற்று. அங்ஙனமிருந்தும் தம் மின்னஞ்சலையே தாம் திறக்க இயலாமல் அந்நிறுவனத்தார் தில்லி உயர்நீதிமன்றத்தை அணுக நேர்ந்தது. சில நாளிற் சேவை மீண்டது. ஆனால் பாலத்தை நீக்கும் கை கோட்டைக்கு உள்ளே இல்லை என்பது அன்று எல்லார்க்கும் தெரிந்துபோயிற்று. செஞ்சிப் பாலத்தை அமைத்தவன் அதனை வெளியிலிருந்து நீக்கும்படி அமைத்திருப்பானா?

இக்குறிப்பை நன்கறிந்தவர் நம் தமிழ்நாட்டிலேயே உளர். 1996-இல் தொடங்கிச் சென்னையிலும் தென்காசிப் பக்கத்து மத்தளம்பாறையிலும் பணிமனை வைத்திருக்கும் சோகோ நிறுவனத்தின் தொழில், பிறர்க்கு மேகத்தின்மேல் இயங்கும் மென்பொருள் தருவது. அந்நிறுவனமோ தன் மென்பொருளைப் பிறர் மேகத்தில் வைக்காது தன் சொந்தக் கணினிக் கூடங்களிலேயே வைத்துக்கொள்கின்றது. சர்க்கரை விற்பவன் தான் கருப்பட்டிக் காப்பி குடிப்பது போன்றதன்றோ இது! எல்லா வணிகரும் தமக்கெனக் கூடம் கட்டிக்கொள்ளல் இயலாது, வேண்டுவதுமில்லை. வாடகை வீட்டிற் குடியிருப்பது இழிவன்று. சாமான்களுடன் வெளியேறும் உரிமை ஒப்பந்தத்தில் உளதா என்று பாராமற் குடிபுகுவதே பேதைமை.

எங்கள் மண்டிக்கு மீள்கின்றேன். முதலாளி மகனார் அறிவுடையவர். பிழை எங்கே என்பதை நாளடைவில் உணர்ந்தார். பெரியப்பாவின் மேசையைக் கணினிக்கு அருகில் இழுத்துப் போடச் செய்தார். நிலுவைப் பட்டியலை அவரும் அப்பெண்ணும் பெயர் பெயராகப் பார்த்து, ஒவ்வொன்றிற்கும் குறிப்பெழுத இரண்டு மாதமாயிற்று. மழையில் நனைந்த மூட்டை, மகள் மணம், இறந்தவர் குடும்பத்திடம் கேட்கவேண்டா என்பன யாவும் இப்பொழுது ‘குறிப்பு’ என்னும் கட்டத்தில் உள. பெரியப்பா பார்த்து ஒப்பாமல் எவர்க்கும் நினைவூட்டு செல்வதில்லை. இவ்விரண்டு மாதத்தை முதலிலேயே செலவிட்டிருந்தால் மேல்மலையனூர்ப் பெரியவர் இன்றும் அப்பலகையில் அமர்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பார். சென்றவர்களிற் சிலர் திரும்பினர், அவர் திரும்பவில்லை.

வருகின்ற சித்திரையில் மென்பொருள் ஒப்பந்தம் புதுப்பிக்கும் நாள் வருகின்றது. யான் மலையிலிருந்து இறங்கிவந்து சொன்னதைக் கேட்டுத்தானோ, தாமே எண்ணியோ அறியேன், முதலாளி மகனார் விற்பனையாளருக்கு ஒரு கடிதம் எழுதினார்: “நாங்கள் நாளை விலகினால், எங்கள் கணக்கை எந்த வடிவில், எத்தனை நாளில் திருப்பித் தருவீர்கள்?” ஆவன செய்வதாக ஒரு வரி வந்தது. அதன்பின் மறுமொழி இல்லை. இதற்கிடையில், சனிக்கிழமைதோறும் மாலையில் நிலுவைப் பட்டியல் முழுவதையும் தாளில் அச்சிட்டு இரும்புப் பெட்டியில் வைக்கும்படி பெரியப்பா சொல்லியிருக்கின்றார். அப்பெண் முதலிற் சிரித்தாள். சென்ற சனிக்கிழமை பெரியப்பா மறந்துவிட்டார், “ஐயா, பெட்டிச் சாவி?” என்று அவளே கேட்டு வாங்கினாளாம்.